குடத்தின் கனமா, தூரத்தின் கனமா? இடுப்பு வலி பற்றி ஒரு எளிய விளக்கம்

வடசென்னை தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவுக்குக் குடிநீர் வாரியத்தின் மெட்ரோ தண்ணி விடியற்காலையில்தான் வரும். முதல் அடிபம்பு சத்தம் கேட்டதும் பாயை விட்டு எழுந்து, முகம்கூடக் கழுவாமல் குடத்தோடு ஓடுகிற தெரு எங்களுடையது. பம்பு வாய்க்குக் கீழே குடம் நிரம்பியதும் முட்டியை மடக்காமல் முதுகை வில்லாக வளைத்து, ஒரு கையால் குடத்தின் கழுத்தைப் பிடித்துத் தூக்கி, தூக்கிய வேகத்திலேயே உடம்பைத் திருப்பி இடுப்பில் வைப்போம். மொத்தமே இரண்டு நொடி வேலை. பக்கத்து வீட்டு அக்காவுக்குப் போன வருஷம் அந்த இரண்டு நொடியில்தான் பிடித்துக்கொண்டது. குடம் கையை விட்டு விழுந்தது. அவர் பம்புக் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். நிமிரவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. "முப்பது வருஷமா தூக்கற கொடம்மா இது, இன்னைக்கி மட்டும் இன்னா ஆச்சு?" என்று என்னைக் கேட்டார்.

நான் பிசியோதெரபிஸ்ட். அந்தக் கேள்விக்கு அன்று பம்படியில் நின்று பதில் சொல்ல முடியவில்லை, அவரைக் கைத்தாங்கலாக வீட்டுக்குள் கூட்டிப் போவதற்கே அரை மணி நேரம் ஆனது. அப்புறம் பல நாள் உட்கார்ந்து அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதுகெலும்பில் இருந்து ஆரம்பிக்கலாம். அது ஒரே எலும்பு கிடையாது. கழுத்தில் 7, நெஞ்சுக்குப் பின்னால் 12, இடுப்பில் 5 என்று அசையக்கூடிய 24 எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கின்றன. எலும்புக்கும் எலும்புக்கும் நடுவே டிஸ்க். நம் பக்கத்தில் ஜவ்வு என்பார்கள். ஜவ்வின் வெளிப்பக்கம் பல அடுக்கு நாரால் ஆன உறுதியான வளையம், உள்ளே கூழ் மாதிரி ஒரு பொருள். "ஜவ்வு விலகிடுச்சு" என்று சொல்லும்போது ஏதோ வளையல் கழன்று ஓடுவது போல ஒரு படம் மனதில் வருகிறது, அதனாலேயே பலர் பயந்து அசையாமல் படுத்துவிடுகிறார்கள். ஜவ்வு அப்படி நழுவுவதில்லை, மேலும் கீழும் இருக்கிற எலும்புகளோடு அது இறுக்கமாக ஒட்டியிருக்கிறது. வளையம் நைந்த இடத்தில் உள்ளே இருக்கும் கூழ் பிதுங்கலாம், பிதுங்கியது பக்கத்தில் ஓடும் நரம்பை உறுத்தலாம். அப்போது வலி பின்தொடை வழியாகக் காலுக்கு இறங்கும். பெரும்பாலும் இது நடப்பது கடைசி இரண்டு ஜவ்வுகளில்தான், மேலுடம்பின் பாரம் முழுக்க இறங்கும் இடம் அது.

ஆனால் இடுப்பு வலி என்று வருகிறவர்களில் 100-க்கு 90 பேருக்கு இன்ன எலும்பு, இன்ன ஜவ்வு என்று ஒன்றைக் குறிப்பிட்டுச் சொல்ல முடியாது. தசை, தசைநார், மூட்டு, தூக்கமின்மை, மனக்கவலை எல்லாம் கலந்த வலி அது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2020-ல் உலகத்தில் 61.9 கோடிப் பேருக்கு இடுப்பு வலி இருந்தது. எனவே உங்களுக்கு வந்தால் உங்கள் உடம்பு மட்டும் கெட்டுப்போய்விட்டது என்று நினைக்க வேண்டாம்.

சரி, அக்காவின் கேள்விக்கு வருவோம். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொள்ளுங்கள், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம். அதே பாட்டிலைக் கையை முழுக்க நீட்டிப் பிடித்துப் பாருங்கள், ஒரு நிமிஷத்தில் தோள் கடுக்கும். பாட்டில் அதேதான், தண்ணீரும் அதேதான், தூரம் மட்டும் கூடியிருக்கிறது. பூங்காவில் சீசா ஆடும்போது அப்பா நடுவுக்குப் பக்கத்திலும் பிள்ளை கடைசி முனையிலும் உட்கார்ந்தால் இரண்டு பக்கமும் சமமாக நிற்குமே, அதே கணக்கு. நம் உடம்பில் அந்த சீசாவின் நடுக்கட்டை ஜவ்வு. முன்பக்கம் குடம். பின்பக்கம் குடத்துக்கு எதிராக இழுத்துப் பிடிப்பது முதுகுத் தசை. சிக்கல் என்னவென்றால், அந்தத் தசை நடுக்கட்டையில் இருந்து சுமார் 5 செ.மீ. தூரத்தில்தான் இருக்கிறது.

இப்போது கணக்குப் போடுங்கள். ஒரு பிளாஸ்டிக் குடத்தில் ஏறக்குறைய 15 லிட்டர் பிடிக்கும், அதாவது 15 கிலோ. அதை 50 செ.மீ. முன்னால் நீட்டித் தூக்கினால், தசை இருக்கும் தூரத்தைப்போல 10 மடங்கு தூரம். தசை 150 கிலோ அளவுக்கு இழுத்தால்தான் குடம் மேலே வரும். அதே குடத்தை 20 செ.மீ.க்குக் கொண்டு வாருங்கள், 60 கிலோ போதும். ஒரு சொட்டுத் தண்ணீர் குறைக்கவில்லை, 90 கிலோ மிச்சம்! இதெல்லாம் தோராயக் கணக்குதான், ஆனால் விஷயம் இதுதான். இதோடு நம் மேலுடம்பின் எடையும் சேர்கிறது. 60 கிலோ ஆளுக்கு இடுப்புக்கு மேலே பாதி எடை இருக்கும், குனியும்போது அந்த 30 கிலோவும் முன்னால் போகிறது. தரையில் விழுந்த ஊக்கை எடுக்கக் குனிந்தவருக்குப் பிடித்துக்கொள்வதில் ஆச்சரியமே இல்லை, அவர் வெறுங்கையோடு குனியவில்லை, தன் பாதி உடம்பைத் தூக்கிக்கொண்டு குனிந்திருக்கிறார்.

இதை நேரடியாக அளந்தே பார்த்திருக்கிறார்கள். ஜெர்மனியில் ஊல்ம் நகரத்து ஆராய்ச்சியாளர்கள், 45 வயதான ஒரு தன்னார்வலரின் நான்காவது இடுப்பு எலும்புக்குக் கீழே இருக்கும் ஜவ்வுக்குள் ஒரு சிறிய அளவுக்கருவியைச் செருகி, ஒரு முழு நாள் அவரை நடக்க, உட்கார, தூக்க, தூங்க வைத்து அழுத்தத்தைக் குறித்துக்கொண்டார்கள். 1999-ல் வெளியான ஆய்வு. சும்மா நிற்கும்போது அழுத்தம் 0.5 மெகா பாஸ்கல். 20 கிலோ பெட்டியை முதுகை வளைத்துத் தூக்கியபோது 2.3. முட்டியை மடக்கித் தூக்கியபோது 1.7. அதே 20 கிலோவை உடம்போடு ஒட்டிப் பிடித்து நின்றபோது 1.1 மட்டும். உடம்பை விட்டு 60 செ.மீ. தள்ளிப் பிடித்தபோது 1.8. நம் வீட்டுக்கு வருகிற கேன் வாட்டர் 20 லிட்டர்தானே, இந்த எண்களை அப்படியே நம் வாசலில் பொருத்திப் பார்க்கலாம். இன்னொரு விஷயமும் அதில் வந்தது: நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து தளர்வாக உட்கார்ந்தபோது அழுத்தம் 0.3-க்கு இறங்கியது, அதாவது நிற்பதைவிடக் குறைவு. "நேரா உக்காரு, கூன் போடாதே" என்று பிள்ளைகளைத் திட்டிக்கொண்டே இருக்கிறோம். விறைப்பாக உட்காரத் தேவையே இல்லை, முதுகுக்குச் சாய்மானம் இருந்தால் போதும்.

எல்லோருக்கும் நான் முதலில் சொல்லிக்கொடுப்பது, எதையாவது தூக்குவதற்கு முன் அதன் கிட்டே போய் நில்லுங்கள் என்பதுதான். குடத்துக்கு இரண்டு பக்கமும் கால் இருக்கட்டும். நடுவில் சாக்கடை மூடியோ இன்னொருவர் குடமோ இருந்தால் நகர்த்திவிட்டுப் போங்கள். வரிசையில் நிற்கிற அவசரத்தில் எட்டித் தூக்குவதுதான் பாதி வலிக்குக் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

அடுத்தது குனிகிற விதம். இதில் நம் மொழியிலேயே ஒரு சின்னக் குழப்பம் இருக்கிறது. கீழ் முதுகையும் இடுப்பு என்கிறோம், சேலை கட்டும் இடத்தையும் இடுப்பு என்கிறோம், தொடை வந்து சேரும் மூட்டையும் இடுப்பு என்கிறோம். "இடுப்பை மடக்கிக் குனியுங்கள்" என்று சொன்னால் எல்லோரும் கீழ் முதுகை வளைக்கிறார்கள். நான் சொல்ல வருவது தொடை மூட்டை. நிற்கும்போது வயிறும் தொடையும் சேரும் மடிப்பில் கையை வைத்துப் பாருங்கள், அந்த இடம் மடிய வேண்டும். சொல்லிப் புரியவைப்பதைவிட ஒட்டடைக் கம்பை வைத்துக் காட்டுவது எளிது. கம்பை முதுகோடு நிறுத்திப் பிடித்தால் பின்மண்டை, இரண்டு தோள்பட்டைக்கு நடுப்பகுதி, கடைசியில் புட்டத்துக்கு நடுவில் இருக்கிற எலும்பு, இந்த மூன்று இடத்திலும் அது தொடும். இப்போது மூன்றும் விடாமல் குனிய வேண்டும். முதல் தடவை அநேகம் பேருக்குக் கம்பு கீழே விட்டுவிடும். அப்போது ஒன்று சொல்வேன்: இரண்டு கையிலும் துணி மூட்டை இருக்கிறது, பின்னால் பீரோ கதவு திறந்து கிடக்கிறது, அதை எப்படிச் சாத்துவீங்க? உடனே புட்டம் பின்னால் போகும், முட்டி லேசாக மடியும், முதுகு கம்போடு ஒட்டியே முன்னால் சாயும். அவ்வளவுதான், அதுதான் குனிவது. அக்காவுக்கு மூன்றாவது நாள் வந்துவிட்டது. அவர் மகளுக்கு முதல் முறையே வந்தது.

அடுத்து திரும்புவது. தூக்கிக்கொண்டே முறுக்கக் கூடாது. நேராகத் தூக்குங்கள், நிமிருங்கள், அப்புறம் பாதத்தை எடுத்து வைத்து உடம்பு முழுக்கத் திரும்புங்கள். ஒரு நொடி கூடுதலாகும். இடுப்பில் குடம் வைக்கிறவர்கள் வலது பக்கம் ஒரு நடை, இடது பக்கம் ஒரு நடை என்று மாற்றுவது நல்லது, ஆரம்பத்தில் பழக்கமில்லாத பக்கம் தடுமாறும், பாதிக் குடத்தோடு பழகுங்கள். பம்பு அடிக்கும்போதும் இதே கதைதான். கைப்பிடிக்குத் தள்ளி நின்று முதுகால் அடிக்காமல், கிட்ட வந்து, ஒரு காலை முன்னால் வைத்து, முட்டி மடங்கி நிமிர்கிற அசைவில் அடித்தால் வேலை காலுக்குப் போய்விடும்.

காசிமேட்டில் மீன் கூடை சுமக்கும் அம்மாக்களைப் பார்த்திருப்பீர்கள். பழந்துணியைச் சுருட்டிச் சும்மாடு கட்டி, எதிரில் நிற்பவரிடம் "கொஞ்சம் கை குடுமா" என்று கேட்டு, இரண்டு பேராகத் தூக்கித் தலையில் வைப்பார்கள். பாடம் முழுக்க அதில் இருக்கிறது. தரையில் இருந்து தூக்கும் மோசமான பகுதியை இருவர் பங்கிட்டுக்கொள்கிறார்கள். தலைக்கு மேலே போனதும் எடை முதுகெலும்புக்கு நேர் மேலே நிற்கிறது, முன்னால் தூரம் ஏறக்குறைய பூஜ்யம். அதற்காக எல்லோரும் தலையில் சுமக்கச் சொல்லவில்லை, கழுத்து பழகாதவர்களுக்கு அது வேறு தொல்லை தரும். ஆனால் அந்தத் தொழிலில் என்னிடம் வலி என்று வந்த சிலரை விசாரித்தால், கூடையைவிட, தாழ்வான பலகையில் குந்தி, அரிவாள்மணைக்கு முன்னால் மணிக்கணக்காக முன்னால் சாய்ந்து மீன் வெட்டிய நாளில்தான் அதிகம் வலித்தது என்கிறார்கள். பலகைக்குக் கீழே இன்னொரு பலகை போட்டு உயரத்தைக் கூட்டினால், அப்படியே வெட்டுகிற இடத்தையும் கூட்டினால், சாய்வு குறையும்.

அதனால் தூரம் பாதிக் கதைதான், மீதி நேரம். எந்த நிலையாக இருந்தாலும் ரொம்ப நேரம் அப்படியே இருப்பதை முதுகு விரும்புவதில்லை. மணலியில் இருந்து எண்ணூர் வரைக்கும் குண்டும் குழியுமாக ஓட்டுகிற ஆட்டோக்காரருக்கு உட்காருவதோடு அதிர்வும் சேர்ந்துகொள்கிறது. சவாரிக்கு நடுவே இறங்கி நாலு நடை நடந்து, இரண்டு கையையும் இடுப்பில் ஊன்றி மெதுவாகப் பின்னால் ஐந்தாறு தடவை வளையுங்கள், பின்பாக்கெட்டில் இருக்கிற பர்ஸை எடுத்துச் சட்டைப் பையில் போடுங்கள், ஒரு துண்டைச் சுருட்டி முதுகுக்கு அணை கொடுங்கள். வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு துணிக்கடைகளில் நாள் முழுக்க நிற்கிற பெண்களுக்கு, ஒரு காலை மாற்றி மாற்றி சிறு மணைமேல் வைத்தால் கீழ் முதுகுக்கு இதமாக இருக்கும். அவர்கள் இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும், 2021-ல் தமிழ்நாடு அரசு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று விதித்திருக்கிறது. உட்கார்வது உங்கள் உரிமை.

லோடு தூக்குகிறவர்களுக்கு எவ்வளவு கிலோ வரை சரி என்று கேட்பார்கள். வளர்ந்த ஆண் தொழிலாளிக்கு 55 கிலோவுக்கு மேல் கூடாது என்று சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1967-லேயே பரிந்துரைத்தது. அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் போட்ட கணக்கு இன்னும் கறாரானது: உடம்புக்கு மிக அருகில், சரியான உயரத்தில், முறுக்காமல், எல்லாம் சாதகமாக இருந்தாலும் 23 கிலோதான். 50 கிலோ சிமென்ட் மூட்டைக்கு இரண்டு பேர் வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வீட்டு கேஸ் சிலிண்டரில் கேஸ் 14.2 கிலோ, இரும்பு எடையும் சேர்ந்தால் சுமார் 30. அதைத் தூக்காதீர்கள், அடிவளையத்தில் சாய்த்து உருட்டுங்கள்.

இனி விடியற்காலை விஷயம், அக்காவின் கேள்விக்கு மீதிப் பதில் இதில்தான் இருக்கிறது. பகல் முழுக்க நம் எடை அழுத்தி ஜவ்விலிருந்து கொஞ்சம் நீர் வெளியேறும், ராத்திரி படுத்திருக்கும்போது அது நீரை உறிஞ்சி உப்பும். காலையில் நாம் ஒரு செ.மீ. அளவுக்கு உயரமாக எழுந்திருப்பது இதனால்தான். ஊல்ம் ஆய்விலும் அந்த மனிதர் தூங்கிய ஏழு மணி நேரத்தில் ஜவ்வின் அழுத்தம் 0.1-லிருந்து 0.24-க்கு ஏறியது. உப்பி விறைத்த ஜவ்வை எழுந்த உடனே வளைத்தால் அதன் வளையத்துக்கு இழுவை அதிகம். நாள்பட்ட இடுப்பு வலி உள்ளவர்கள் காலை எழுந்ததும் முன்னால் குனிவதைத் தவிர்த்தபோது வலி குறைந்தது என்று 1998-ல் ஓர் ஆய்வும் வந்திருக்கிறது. நம் தெருவில் தண்ணி நேரமே அதுதான், பாயில் இருந்து எழுந்து ஐந்தாவது நிமிஷம் குடத்தின் முன்னால் குனிகிறோம். எழுந்திருக்கும்போதே ஒருக்களித்துப் படுத்து, கையை ஊன்றி எழுங்கள். ராத்திரியே காலிக் குடங்களைத் திண்ணைமேல் எடுத்து வையுங்கள். தண்ணி வரும் நேரத்துக்கு அரை மணி முன்னால் எழுந்து வாசல் தெளிக்காமல், கோலம் போடாமல், நிமிர்ந்தபடி செய்கிற வேலைகளை முதலில் முடியுங்கள். கோலம் அப்புறம் போடலாம். முதல் இரண்டு மூன்று குடத்தை முக்கால் அளவு பிடியுங்கள். முடிந்தால் பம்புக்குக் கீழே இரண்டு செங்கல் அடுக்கிக் குடத்தை உயர்த்துங்கள், நான்கு விரற்கடை உயர்ந்தாலும் அந்த அளவுக்குக் குனிவது குறையும்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். சரியாகத் தூக்கக் கற்றுக்கொண்டால் போதும், இடுப்பு வலி வராது என்று ஆய்வுகள் காட்டவில்லை. இடுப்பு பெல்ட்டும் அப்படித்தான், அது தடுத்துவிடும் என்பதற்கு ஆதாரம் இல்லை. முதுகு ரொம்ப வலுவான உறுப்பு, வளைவதற்காகவே ஆனது. ஒரு தடவை வளைத்துத் தூக்கியதும் உடைந்துவிடாது. நான் சொல்லிக்கொடுக்கும் முறை, ஏற்கெனவே வலிக்கிற முதுகுக்குப் பாரத்தைக் குறைக்கும், நாளுக்கு நாற்பது தடவை தூக்குகிறவருக்கு மிச்சம் பிடித்துத் தரும். வலி திரும்ப வராமல் இருக்க இன்னும் உறுதியாகச் சொல்லக்கூடியது நடை. ஆஸ்திரேலியாவில் 701 பேரை வைத்துச் செய்து 2024-ல் வெளியிட்ட ஆய்வில், இடுப்பு வலி வந்து சரியானவர்களில் படிப்படியாக நடையைக் கூட்டியவர்களுக்கு வலி திரும்ப சராசரியாக 208 நாள் ஆனது. மற்றவர்களுக்கு 112 நாள். வாரத்தில் ஐந்து நாள் அரை மணி நேரம் என்பது இலக்கு. திருவொற்றியூர்க்காரர்களுக்கு மாடவீதி இருக்கிறது, பெரம்பூர் பக்கம் பூங்கா இருக்கிறது, செருப்பு மட்டும் வழுக்காததாக இருக்கட்டும்.

வலி வந்த முதல் நாளே எம்.ஆர்.ஐ. எடுக்க ஓட வேண்டாம். வலியே இல்லாதவர்களை ஸ்கேன் செய்தபோது 20 வயதுக்காரர்களிலேயே 30 சதவீதம் பேருக்கு ஜவ்வு பிதுங்கியிருந்தது, 80 வயதில் 84 சதவீதம். நரை மாதிரிதான் அது. படுக்கையிலேயே கிடப்பதும் வேண்டாம், ஓரிரு நாள் வேலையைக் குறைத்துக்கொண்டு, வலி பொறுக்கும் அளவுக்கு வீட்டுக்குள் நடமாடுங்கள், பெரும்பாலானவர்களுக்கு ஆறு வாரத்துக்குள் நன்றாகக் குறைந்துவிடும். தரையில்தான் படுக்க வேண்டும் என்பதும் இல்லை. 2003-ல் ஸ்பெயினில் செய்த ஆய்வில் கெட்டியான மெத்தையைவிட நடுத்தரக் கெட்டி மெத்தையில் படுத்தவர்களுக்குத்தான் வலி குறைந்தது.

ஆனால் இவற்றில் எது இருந்தாலும் என்னைப் போன்றவர்களிடம் வந்து நேரத்தை வீணாக்கக் கூடாது: சிறுநீர் கழிக்க முடியாமல் போவது அல்லது அறியாமல் போவது, மலம் அடக்க முடியாமை, உட்காரும் இடத்திலும் உள்தொடையிலும் மரத்துப் போவது, பாதம் தூக்க முடியாமல் இழுத்து நடப்பது. அன்றைக்கே, ராத்திரியாக இருந்தாலும், ஸ்டான்லி மாதிரி பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். வலியோடு காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, முன்பு புற்றுநோய் இருந்தது, விழுந்து அடிபட்டது என்றாலும் தாமதிக்காமல் டாக்டரைப் பாருங்கள்.

அக்கா ஐந்தாவது வாரம் பம்படிக்குத் திரும்பினார். செங்கல் வைத்ததைப் பார்த்து எதிர்வீட்டுக்காரரும் வைத்திருக்கிறார். போன வாரம் அக்கா என்னிடம் கேட்டது வேறு கேள்வி: "பேரப்புள்ளைய தூக்கறதும் இப்டித்தானாம்மா? அவன் கொடம் மாதிரி சும்மா நிக்க மாட்டானே." இரண்டு வயசுப் பையன், 12 கிலோ இருப்பான், முக்கால் குடத்துக்குச் சமம், அதோடு துள்ளுவான். அவனுக்கு முன்னால் ஒரு முட்டியைத் தரையில் ஊன்றுங்கள், கையை நீட்டித் தூக்காமல் அவனாக வந்து கழுத்தைக் கட்டிக்கொள்ளும்வரை காத்திருங்கள், நெஞ்சோடு சேர்த்து அணைத்ததும் ஊன்றிய காலின் பாதத்தை வைத்து எழுங்கள் என்று செய்து காட்டினேன். பையனுக்கு அது விளையாட்டாகிவிட்டது, இப்போது பாட்டி முட்டி போடும்வரை கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறான்.